வட சென்னையில் ஒரு விதை வங்கி: கட்டுவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

இதை எழுதுபவன் கட்டட வடிவமைப்பாளன். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். மாதவரம், மணலி, மீஞ்சூர் வட்டாரத்தில் பயிர் விதை வங்கியும் அதனோடு ஓர் ஆய்வு மையமும் அமைக்க விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பக்கத்துத் தெருக்காரர்கள் சந்தேகத்தோடு கேட்டவையும் இதில் உண்டு.

விதை வங்கி என்பது பெரிய குளிர்சாதனக் கிடங்குதானே?

பாதிதான் சரி. உருளைக்கிழங்குக் கிடங்கில் சரக்கு சில மாதம் கெடாமல் இருந்தால் போதும். விதை வங்கியில் வைத்த ஒரு பிடி கருப்புக் கவுனி, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் முளைக்கவேண்டும். அதற்கு முதலில் உலர்த்தவேண்டும், பிறகுதான் குளிரவைக்கவேண்டும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இதற்கென்று தர அளவுகள் வைத்திருக்கிறது. 5 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள், 10 முதல் 25 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் விதையை உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் அடைத்து, நீண்ட காலச் சேமிப்புக்கு மைனஸ் 18 டிகிரியில் வைக்கவேண்டும். நடுத்தரக் காலத்துக்கு 5 முதல் 10 டிகிரி போதும்.

ஹாரிங்டன் என்ற விதையியல் அறிஞர் ஓர் உத்தேசக் கணக்கு சொன்னார். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும். வெப்பம் ஏறக்குறைய 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். களத்து நெல் 13 சதவீத ஈரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 7 சதவீதத்துக்கு இறக்கினால் ஆறு முறை இரட்டிப்பு, அதாவது 64 மடங்கு. அதே பலனை வெறும் குளிரால் பெறுவதற்கு 30 டிகிரி இறக்கவேண்டும். உலர்த்தும் செலவு ஒரு தடவையோடு முடிந்துவிடும். குளிருக்கான மின்கட்டணமோ கட்டடம் நிற்கும்வரை வந்துகொண்டே இருக்கும். கீழே நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை.

இதற்கு வட சென்னைதான் கிடைத்ததா?

கேட்கவேண்டிய கேள்விதான். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம், பக்கிங்காம் கால்வாய், புழல் ஏரியின் உபரிநீர் ஓடும் வழி எல்லாம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 2021 நவம்பரில் பூண்டி ஏரி திறந்துவிடப்பட்டபோது மணலி புதுநகரில் படகு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. காற்றில் உப்பும் நிலக்கரித் தூளும் எப்போதும் உண்டு.

ஆனாலும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆய்வாளர்கள் வந்துபோக வசதியும், மின்சாரமும், துறைமுகமும் இங்கே இருக்கின்றன. செங்குன்றத்து அரிசி ஆலைகளும் மண்டிகளும் பக்கத்திலேயே இருப்பதால், நெல்லைப் பற்றிப் பேச ஆள் தேடி அலையவேண்டியதில்லை. என் நிபந்தனை ஒன்றுதான். இங்கே இருப்பது வேலை செய்கிற வங்கியாக, அதாவது விதை வந்து போய்க்கொண்டிருக்கும் இடமாக இருக்கட்டும். ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பங்கு, கடலுக்குத் தொலைவில் வேறோர் ஊரில் கட்டாயம் இருக்கவேண்டும்.

ஒரே இடத்தை நம்பியவர்கள் பட்ட பாடு நம் கண்முன்னே இருக்கிறது. பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள தேசியப் பயிர் மரபணு வங்கியில் 2006ஆம் ஆண்டுப் புயலில் வெள்ளமும் சேறும் புகுந்தன. 2012இல் அதே இடத்தில் தீப்பிடித்தது. சிரியாவின் அலெப்போ அருகே இருந்த வங்கி போரில் சிக்கிக்கொண்டபோது, நார்வேயின் ஸ்வால்பார்டில் பிரதி வைத்திருந்ததால்தான் 2015இல் விதையைத் திரும்ப எடுக்க முடிந்தது. அந்த ஸ்வால்பார்டு பெட்டகமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் உயரத்தில், உறைந்த மலைக்குள் இருக்கிறது. அங்கேயும் பனி உருகி நுழைவுச் சுரங்கத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. விதை இருந்த அறைகளுக்கு ஆபத்தில்லை என்றாலும், பிறகு அந்த நுழைவாயிலைச் செப்பனிட வேண்டியிருந்தது. மலை மேலேயே அந்தக் கதி என்றால் மணலியில் சொல்லவே வேண்டாம்.

விதைப் பெட்டகத்தை நிலத்தடியில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்குமே?

தயவுசெய்து வேண்டாம். சென்னையில் சில மீட்டர் ஆழத்து மண்ணும் 28 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. மைனஸ் 18க்கு அது எந்த வகையிலும் உதவாது. தண்ணீர் புகும் அபாயம் மட்டும் முழுசாகக் கிடைக்கும்.

இதற்கு நேர் எதிராக, கட்டடத்தைத் தூண்களின் மேல் நிறுத்துங்கள் என்பேன். வெள்ளம் கீழே ஓடிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். பலர் யோசிக்காத இன்னொரு காரணமும் உண்டு. உறைநிலை அறையை நேராகத் தரைமேல் கட்டினால், குளிர் மெல்ல மெல்லக் கீழே இறங்கி மண்ணிலுள்ள ஈரத்தை உறையவைக்கும். உறைந்த மண் உப்பித் தரையைத் தூக்கிப் பிளந்துவிடும். இதைத் தடுக்கத்தான் பல கிடங்குகளில் தரைக்கடியில் வெப்பக் கம்பி பதித்து, மேலே குளிர்விக்கவும் கீழே சூடாக்கவும் இரட்டைச் செலவு செய்கிறார்கள். தூண்மேல் நின்றால் அடியில் காற்று ஓடும். அந்தச் செலவு மிச்சம். தளத்தின் அடிப்பக்கத்தில் வெப்பத்தடுப்பு இல்லாவிட்டால் மட்டும் அங்கே நீர் முத்துமுத்தாகக் கோத்துச் சொட்டும், அதைக் கவனிக்கவேண்டும்.

ஜெனரேட்டரையும் மின் பலகையையும் மேல்தளத்தில் வையுங்கள். விதையை இரண்டாம் மாடியில் பத்திரமாக வைத்துவிட்டு ஜெனரேட்டரை வாகன நிறுத்தத்தில் வைக்கும் வரைபடங்கள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன.

குளிர் அறை எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட மிகச் சிறியதாக. அரை லிட்டர் இடம் பிடிக்கும் அலுமினிய உறைகள் பத்தாயிரம் என்றால் மொத்தம் 5 கன மீட்டர்தான். அலமாரி, நடக்கும் வழி எல்லாவற்றுக்கும் நான்கு மடங்கு விட்டாலும் 20 கன மீட்டர். நம் வீடுகளின் பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரத்தில், 28 கன மீட்டர் வரும். பத்தாயிரம் ரகங்கள் ஒரு படுக்கையறைக்குள் அடங்கிவிடும்!

அதன் மின்செலவையும் போட்டுப் பார்ப்போம். அந்த அறையின் ஆறு முகங்களும் சேர்ந்து சுமார் 56 சதுர மீட்டர். 150 மில்லிமீட்டர் பஃப் பேனல், அதாவது நடுவில் நுரை அடைத்த வெப்பத்தடுப்புப் பலகை, போட்டு, வெளியே 32 டிகிரி, உள்ளே மைனஸ் 18 என்றால், சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம் சுமார் 430 வாட். இந்த அறையைத் தனியாக வெளியில் நிறுத்தாமல், 15 டிகிரியில் இருக்கும் உலர்த்தும் கூடத்துக்குள் வைத்தால் அது 280 வாட்டுக்கு இறங்கிவிடும். பெட்டிக்குள் பெட்டி. கருவறையைச் சுற்றி அர்த்தமண்டபம், மகாமண்டபம் என்று நம் கோயில்களில் உண்டல்லவா, அந்த அமைப்புதான். கம்பிரசர், விசிறி, கதவு திறப்பது எல்லாம் சேர்த்தாலும் குளிர் அறைக்கு மட்டும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட்டுக்குள் முடித்துவிடலாம். உலர்த்தும் கூடத்துக்குத் தனிக் கணக்கு.

முகப்பில் இருபதடி உயரக் கண்ணாடிச் சுவர் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

வெப்பத்தைவிட ஈரம்தான் பெரிய எதிரி என்கிறீர்களே, ஏன்?

எண்ணூர்க் காற்று 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும்போது, அதிலுள்ள நீராவியின் அழுத்தம் மைனஸ் 18 டிகிரி அறையில் இருக்கக்கூடியதைப் போல் ஏறக்குறைய 25 மடங்கு. அந்த நீராவி எந்தச் சிறு ஓட்டை கிடைத்தாலும் உள்ளே நுழையப் பார்க்கும். பேனல் இணைப்பில், குழாய் நுழையும் துளையில், திருகாணியின் ஓரத்தில் புகுந்து, சுவருக்குள்ளேயே பனிக்கட்டியாக உறையும். இரண்டு மூன்று வருடத்தில் வெப்பத்தடுப்பு நனைந்த பஞ்சாகிவிடும். ஆகவே ஆவித் தடுப்புப் படலம் சுவரின் வெளிப்பக்கத்தில், அதாவது சூடான பக்கத்தில் இருக்கவேண்டும். குளிர்நாட்டுப் புத்தகங்கள் வீடுகளுக்கு உள்பக்கத்தில் போடச் சொல்லும், அங்கே வீட்டுக்குள்தான் சூடு. அந்தப் படத்தை அப்படியே நகலெடுத்துப் போட்ட கிடங்கு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பேனலைக் கழற்றியபோது குடம் குடமாகத் தண்ணீர் கொட்டியது.

கதவைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தவர் காசிமேட்டில் மீன் வைக்கும் குளிர் அறைகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர். கையில் கருவி எதுவும் கிடையாது. சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டை எடுத்துக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மூடினார். பிறகு இழுத்தார். டிக்கெட் கிழியும்போல் இறுக்கமாக வந்தது. ஓரடி தள்ளி வைத்து இழுத்தார். கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. "இங்கேதான் சார் காசு போகிறது" என்றார். குனிந்து பார்த்தால், ரப்பர் பட்டை ஓர் அங்குல நீளத்துக்குக் காய்ந்து வெடித்திருந்தது. அதற்கு நேர் உள்ளே தரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பனி. அன்றிலிருந்து நான் ஒப்படைக்கும் எந்தக் குளிர் அறையையும் டிக்கெட் வைத்துப் பார்க்காமல் விடுவதில்லை.

விதையை வெயிலில் காயவைத்தால் மின்சாரமே வேண்டாமே?

முதல்கட்டத்துக்கு நல்லதுதான், அதுவும் காலை வெயிலும் நிழலும். சித்திரை மத்தியானத்தில் சிமென்ட் களம் கொதிக்கும். விதையின் முளைக்கரு தாங்காது. பகலில் ஈரம் இறங்கினாலும் சாயங்காலக் கடற்காற்றில் மறுபடி ஏறிவிடும். கடலோரத்தில் வெறும் வெயிலை நம்பி 7 சதவீதத்தைத் தொடவே முடியாது.

அதனால் உலர்த்தும் கூடம் வேண்டும். காற்றை முதலில் குளிரவைத்து அதிலுள்ள தண்ணீரைப் பிழிந்தெடுக்கிறோம். மிச்ச ஈரத்தைச் சிலிக்கா ஜெல் பூசிய சுழலும் சக்கரம் உறிஞ்சிக்கொள்ளும். சக்கரத்தை மறுபடி காயவைக்க 100 டிகிரிக்கு மேல் சூடான காற்று தேவை. கம்பிரசர் வெளியே தள்ளும் வெப்பத்தையும் மொட்டைமாடிச் சூரியத் தகட்டையும் கொண்டு பாதித் தூரம் சூடாக்கிவிட்டால், மிச்சத்துக்கு மட்டும் மின்சாரம் போதும். பிழிந்தெடுத்த தண்ணீரைக் கழிவறைத் தொட்டிக்கு விடலாம். தினம் சில குடம் தேறும்.

சிறிய குழுக்களுக்கு இவ்வளவு இயந்திரம் தேவையில்லை. மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு விதையை வைத்து, ஜெல் மணிகள் நீலத்திலிருந்து நிறம் மாறும்போதெல்லாம் அவற்றை வறுத்து மாற்றினால் போதும். துவரைக்குச் செம்மண் கட்டியதும், விதையோடு சாம்பல் கலந்ததும், வைக்கோல் புரி சுற்றிக் கோட்டை கட்டியதும் ஈரத்தையும் பூச்சியையும் தடுக்கத்தான். அடுத்த பட்டம் வரைக்கும் அது போதுமானதாக இருந்தது. நமக்குப் பல தலைமுறை தாங்கவேண்டும்.

புயலில் மின்சாரம் போனால் எல்லாம் போய்விடுமா?

போகாது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் பல நாள் இருட்டு. அப்படி ஒரு வாரம் வந்தாலும், நன்றாக உலர்ந்து உறையில் அடைபட்ட விதைக்குப் பெரிய சேதமில்லை. அறை மெல்லத்தான் சூடேறும். கதவைத் திறக்காமல் இருந்தால் இன்னும் மெல்ல. உலராத விதைக்குத்தான் கவலை. குளிரை மட்டும் நம்பிய வங்கி மின்சாரத்துக்கு அடிமை.

சூரிய மின்சக்தி போதுமா?

குளிர் அறைக்குத் தாராளமாக. சென்னையில் ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். சுமார் நூறு சதுர அடி பிடிக்கும். 5 கிலோவாட் போட்டால் அந்தச் சிறு அறையின் தேவைக்கு மேலேயே கிடைக்கும். உலர்த்தும் கூடத்துக்கும் ஆய்வகத்துக்கும் சேர்த்து என்றால் மாடி முழுக்கப் போட்டாலும் பற்றாது.

இங்கே இரண்டு தொல்லை. அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் தகட்டின்மேல் சாம்பலும் கரித்தூளும் படியும். அடிக்கடி கழுவாவிட்டால் விளைச்சல் படுத்துவிடும். கழுவும் ஆள் ஏறி நிற்க வழி விடாமல் நெருக்கிப் போடுகிறவர்களைத் திட்டாமல் இருக்க முடிவதில்லை. அடுத்தது காற்று. சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகத்தை இந்தியத் தரநிலை நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறது. தகடு வாங்கும்போது காட்டும் பேரத்தை அதைப் பிடித்திருக்கும் போல்ட்டில் காட்டாதீர்கள்.

எந்தக் குளிரூட்டும் வாயு நல்லது? அம்மோனியா வருமா?

எர்ணாவூரில் ஒரு கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து நின்று கேட்ட கேள்வி இது. கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது கைக்குழந்தையோடு ஓடியவர்கள் இந்தப் பக்கத்து மக்கள்.

அம்மோனியா புவி வெப்பத்தைக் கூட்டாது; பெரிய கிடங்குகளுக்குச் சிக்கனமானது. இருந்தும் இந்த ஊரில் நான் அதைப் போடமாட்டேன். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் ஆர்-404ஏ வாயு, கரியமில வாயுவைப் போல் சுமார் 3,900 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும், அதுவும் வேண்டாம். ஒரு படுக்கையறை அளவு அறைக்குச் சிறிதளவு புரொப்பேன், அதாவது ஆர்-290, போதும். எரியும் வாயு என்பதால் இயந்திரத்தைத் திறந்த மாடியில் வைக்கவேண்டும். வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகளுக்கு எபாக்சி பூச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பூச்சில்லாததை உப்புக்காற்று சீக்கிரமே அரித்துப் பொடியாக்கிவிடும்.

சுவருக்கும் கூரைக்கும் என்ன பொருள்?

அனல்மின் நிலையங்களின் உலர் சாம்பல் நம் வாசலிலேயே குவிந்துகிடக்கிறது. சாம்பல் செங்கல்லும் சாம்பல் கலந்த சிமென்ட்டும் இங்கே இயல்பான தேர்வு. உப்பு ஊடுருவிக் கம்பியை அரிப்பதையும் அந்தச் சிமென்ட் தாமதப்படுத்தும். கடலோரக் கட்டடத்துக்குக் கான்கிரீட் குறைந்தது எம்-30 தரம், கம்பிக்கு மேல் மூடும் கான்கிரீட், அதாவது கவர், 45 மில்லிமீட்டர் என்பது இந்தியத் தரநிலை. மேஸ்திரிகள் 25 போதும் என்பார்கள். விடாதீர்கள்.

கூரைக்குப் பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளைப் பாருங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ். அந்த ஜல்லிப் படுகையை இன்றைய தளத்தின் மேலும் போடலாம். அதற்கு மேல் வெள்ளை ஓடு.

ஜன்னலில் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று பாடத்தில் படித்துவிட்டு, அங்கே மறைப்பு வைப்பதில்லை. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். அக்னி நட்சத்திரத்தின்போது வெயில் வருவதே அந்தப் பக்கத்திலிருந்து.

ஆய்வகம் அதிக மின்சாரம் தின்னாதா?

தின்னும். முழுக் கட்டடத்திலும் அதுதான் பெருந்தீனிக்காரன். ரசாயனப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி ஒவ்வொன்றும், நாம் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றை நாள் முழுக்க வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். முளைப்புத்திறன் பார்க்கும் சோதனைக்கு அந்தப் பெட்டியே வேண்டியதில்லை. ஈரத்தாளும் சீரான வெப்பமும் போதும். இரண்டு வேலைகளையும் தனித்தனி அறையில் பிரித்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆய்வகத்தை ஒட்டிய குளிர் அறைச் சுவருக்கு மட்டும் பஃப்புக்குப் பதில் பாறைக்கம்பளிப் பேனல் போடுங்கள், தீ பரவாது.

தண்ணீர்?

மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. போர் போடுவதை மறந்துவிடுங்கள். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், 500 சதுர மீட்டர் கூரையில் ஏழு லட்சம் லிட்டர் விழுகிறது. முதல் மழை கரியைக் கழுவிக்கொண்டு வரும். அதைத் தனியே போகவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

மாங்கொட்டை, பலாக்கொட்டையையும் வைக்கலாமா?

முடியாது. மா, பலா, தென்னை விதைகளை உலர்த்தினால் செத்துவிடும். அவற்றை மரமாகத்தான் காப்பாற்றவேண்டும்.

வைத்த விதையை எப்போதாவது விதைக்கவேண்டுமா?

கட்டாயம். முளைப்புத்திறனை அவ்வப்போது சோதித்து, ஆரம்ப அளவில் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வயலில் விதைத்துப் புது விதை எடுக்கவேண்டும். அதற்கு நிலம் வேண்டும், நல்ல தண்ணீரும் வேண்டும். குழியடிச்சான், களர்பாலை போன்ற உவர் தாங்கும் நெல்லை மீஞ்சூர்ப் பக்கம் முயன்று பார்க்கலாம். மற்றவற்றுக்கு உள்ளே போகவேண்டும். திருவள்ளூர் மாவட்டம் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.கே.எம். என்று தொடங்கும் ரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை. நம் அப்பாக்கள் காலத்தில் வீட்டுக்கு வீடு பொங்கிய ஐ.ஆர்.20க்கு டி.கே.எம்.6 ஒரு பெற்றோர். ஒரு பழைய ரகத்தைப் பத்திரமாக வைத்திருந்ததன் பலன் இவ்வளவு பக்கத்திலேயே இருக்கும்போது, அதைக் கட்டடத்தின் வரவேற்புக் கூடத்தில் எழுதி வைக்காமல் ஸ்வால்பார்டு படத்தை மாட்டுகிறார்கள்.

பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கவேண்டுமா?

வாங்குங்கள். ஆனால் அதற்காக வரையாதீர்கள். மிதிவண்டி நிறுத்தத்துக்கும் புள்ளி உண்டு. கதவின் ரப்பர் பட்டைக்கு இல்லை.

இடம் பார்க்க எப்போது போகலாம்?

தரகர்கள் பங்குனியில் அழைப்பார்கள். அப்போது எந்த நிலமும் மேடாகத்தான் தெரியும். கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் போங்கள். நான் அப்படி எர்ணாவூருக்குப் போனபோது ஒரு பாட்டி தன் வாசல் சுவரைக் காட்டினார். 2015 வெள்ளத்துக்கு அவரே கரியால் ஒரு கோடு போட்டிருந்தார். 2023க்குக் கோடு போடவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு தானே ஒரு கறுப்புப் பட்டையாகச் சுவரில் படிந்திருந்தது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் மேலே கசிந்து வந்துவிட்டதாம். "உன் கட்டடம் இதுக்கு மேலேயா கீழேயா தம்பி?" என்று கேட்டார். டேப்பை எடுத்துத் தெருமட்டத்திலிருந்து அந்தப் பட்டை வரை அளந்து, வரைபடத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.